முதல் மூவாயிரம் வெள்ளி

பள்ளி விடுமுறைக்கோ தீபாவளியை ஒட்டிய நீண்ட வார இறுதிக்கோ கார் வாடகைக்கு எடுக்க நினைக்கும் சிங்கப்பூர்க் குடும்பம் முதலில் பார்ப்பது நாள் வாடகையைத்தான். ஒரு நிறுவனத்துக்கும் இன்னொன்றுக்கும் ஐந்து வெள்ளி வித்தியாசம் இருந்தால் அதற்காக அரை மணி நேரம் ஒப்பிட்டுப் பார்க்கிறோம். அதே ஒப்பந்தத்தின் உள்பக்கத்தில் இன்னோர் எண் இருக்கிறது. பெரும்பாலோர் அதைக் கையெழுத்துப் போடும்போதுதான் பார்க்கிறார்கள். பலர் அப்போதும் பார்ப்பதில்லை. அதுதான் எக்ஸஸ். காருக்குச் சேதம் வந்தால், காப்புறுதி நிறுவனம் பணம் கொடுக்கத் தொடங்குவதற்கு முன் வாடகைக்கு எடுத்தவர் தம் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை அது. சொந்தக் காருக்கு இது சில நூறு வெள்ளியில் நிற்பது வழக்கம். வாடகைக் காருக்கு இரண்டாயிரம், மூவாயிரம், சில சமயம் ஐயாயிரம் வெள்ளிக்கு மேலும் போகும். வாடகைக் காரில் பணத்தைச் சேமிப்பது நாள் வாடகையில் பேரம் பேசுவதால் நடப்பதில்லை. அந்த முதல் மூவாயிரம் வெள்ளி நட்டத்தை யார் சுமப்பது என்பதை வீட்டில் உட்கார்ந்து முன்கூட்டியே முடிவு செய்வதால்தான் நடக்கிறது. அந்த முடிவை வாடகை நிறுவனத்தின் முகப்பில் நிற்கும்போது எடுப்பவர் ஏறக்குறைய எப்போதும் அதிக விலை கொடுக்கிறார்.

வாடகைக் கார் இங்கே ஏன் இவ்வளவு பேருக்குத் தேவைப்படுகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். 1990 மே மாதம் முதல் சிங்கப்பூரில் கார் வாங்க வேண்டுமானால் முதலில் ஏலத்தில் சிஓஇ எனப்படும் வாகன உரிமைச் சான்றிதழைப் பெற வேண்டும். அதன் ஆயுள் பத்தாண்டு. 2018 பிப்ரவரி முதல் கார்களின் எண்ணிக்கை வளரவே கூடாது என்று வளர்ச்சி விகிதத்தை அரசாங்கம் சுழியமாக்கியது. 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான சான்றிதழ் 106,000 வெள்ளிக்கும் பெரிய கார்களுக்கானது 150,001 வெள்ளிக்கும் போனது. இது காரின் விலை அல்ல, காரை வைத்திருக்கும் உரிமையின் விலை மட்டுமே. அதற்கு மேல் கலால் வரி, பொருள் சேவை வரி, காரின் சந்தை மதிப்பை ஒட்டிப் படிப்படியாக ஏறும் கூடுதல் பதிவுக் கட்டணம் எல்லாம் உண்டு. ஆகவே சிராங்கூன் சாலையைச் சுற்றி வாழும், வேலை செய்யும் நடுத்தரக் குடும்பம் ஒன்று ஆண்டில் பத்துப் பதினைந்து நாள் மட்டும் தேவைப்படும் காரை வாடகைக்கு எடுப்பது மிகச் சரியான கணக்கு. என்டியுசி இன்கம் நிறுவனம் 1997லேயே கார் கூட்டுறவு ஒன்றைத் தொடங்கி, உறுப்பினர்கள் மணிக்கணக்கில் காரைப் பகிர்ந்துகொள்ள வழி செய்தது. இன்று அந்த இடத்தைக் கைப்பேசிச் செயலிகள் பிடித்திருக்கின்றன. அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் நிற்கும் காரைச் செயலியால் திறந்து ஓட்டிச் செல்லலாம்; சாவி கொடுக்க ஆள் இல்லை, காரைச் சுற்றிக் காட்டவும் ஆள் இல்லை. இந்தக் கடைசி விவரம் பின்னால் முக்கியமாகப் போகிறது.

தமிழ்நாட்டில் கார் ஓட்டிப் பழகி இங்கே வேலைக்கோ சுற்றுலாவுக்கோ வந்தவருக்கு எக்ஸஸ் பெரிய அதிர்ச்சியாக இருப்பதற்கு நியாயமான காரணம் உண்டு. இந்தியாவில் எக்ஸஸுக்கு இணையான, தனியார் காருக்கான கட்டாயக் கழிவு, 1,500 சிசி வரையிலான எஞ்சினுக்கு 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய். ஒரு குடும்பம் உணவகத்தில் சாப்பிடும் செலவு அது. இங்கே அதே இடத்தில் நிற்பது ஒரு மாதச் சம்பளம். எக்ஸஸ் என்ற ஏற்பாட்டிலேயே தவறு கிடையாது. சிறு கீறலுக்கெல்லாம் காப்புறுதி நிறுவனம் கோப்பு திறக்க வேண்டாம், ஓட்டுபவருக்கும் கவனம் இருக்கட்டும் என்பதற்காக உலகம் முழுவதும் உள்ள ஏற்பாடு இது. ஆனால் தொகை மூவாயிரத்தை எட்டும்போது அதன் தன்மையே மாறிவிடுகிறது. நகரத்துக்குள் நடக்கும் பெரும்பாலான விபத்துகள், அதாவது பம்பர் உரசல், கதவுக் கீறல், தூணில் இடித்த பின்விளக்கு எல்லாம், அந்தத் தொகைக்குள்ளேயே முடிந்துவிடும். அவ்வளவுக்கும் காப்புறுதி நிறுவனம் ஒரு காசும் தராது. வாடகைக்கு எடுத்தவர்தான் அந்தக் காரின் முதல் காப்புறுதியாளர். பிரீமியம் வாங்காமல் காப்புறுதி கொடுக்கும் ஆள். வாடகை குறைவான இடங்களில் எக்ஸஸ் அதிகமாக இருந்தால் வியப்பதற்கு எதுவுமில்லை. நிறுவனம் தன் தோளிலிருந்து இறக்கிய சுமை நம் தோளில் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தச் சுமை ஒரே அடுக்காகவும் இருப்பதில்லை. பல ஒப்பந்தங்களில் நம் காருக்கான சேதத்துக்கு ஓர் எக்ஸஸ், எதிர்வண்டிக்கான சேதத்துக்கு இன்னோர் எக்ஸஸ் என்று தனித்தனியாக இருக்கும். ஒரே மோதலில் இரண்டையும் கட்ட நேரலாம். இளம் ஓட்டுநருக்கும் உரிமம் பெற்று அதிக நாள் ஆகாதவருக்கும் கூடுதல் தொகை உண்டு. மலேசியாவில் விபத்து நடந்தால் எக்ஸஸ் இரட்டிப்பாகும் என்று சொல்லும் ஒப்பந்தங்களும் இருக்கின்றன. பட்டறையில் கார் நிற்கும் நாள்களுக்கு வாடகை வருமானம் போனதாகக் கணக்கிட்டு, எக்ஸஸுக்கு வெளியே தனியாக வசூலிப்பதும் வழக்கம். கார் விலையும் அதனால் நாள் வாடகையும் இவ்வளவு உயர்ந்த ஊரில் இந்தக் கடைசித் தொகை சாதாரணமாக இருக்காது: பத்து நாள் பட்டறையில் கிடந்தால் எண்ணூறு, ஆயிரம் வெள்ளி. ஆகவே இரண்டு நிறுவனங்களை ஒப்பிடுபவர் நாள் வாடகையோடு இந்த ஐந்து எண்களையும் ஒரு தாளில் எழுதி ஒப்பிட வேண்டும். எண்பது வெள்ளி வாடகையும் ஆயிரத்தைந்நூறு எக்ஸஸும் உள்ள கார், எழுபது வெள்ளி வாடகையும் ஐயாயிரம் எக்ஸஸும் உள்ள காரைவிட மூன்று நாள் பயணத்தில் ஒரு பெரிய சேதம் நேர்ந்தால் உண்மையில் மலிவானது என்பது அப்போதுதான் தெரியும்.

இந்தச் சுமை தரும் பயத்துக்கு முகப்பிலேயே மருந்தும் விற்கிறார்கள். சிடிடபிள்யூ, எக்ஸஸ் குறைப்பு என்று பெயர்கள் வேறுபடும். நாளொன்றுக்கு இவ்வளவு கூடுதலாகக் கொடுத்தால் எக்ஸஸ் சில நூறாகக் குறையும். கணக்குக்காக, நாளுக்கு 20 வெள்ளி கொடுத்தால் 3,000 வெள்ளி எக்ஸஸ் 500 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நாம் வாங்குவது 2,500 வெள்ளிக்கான பாதுகாப்பு. 125 நாள் வாடகைக்கு ஒருமுறையாவது முழு எக்ஸஸையும் விழுங்கும் விபத்து நடந்தால்தான் அந்த 20 வெள்ளி நியாயமான விலை. அவ்வளவு அடிக்கடி இடிப்பவரிடம் யாரும் காரைக் கொடுக்க மாட்டார்கள். ஓராண்டுக்குக் கணக்கிட்டால் அது 7,300 வெள்ளி. அனுபவமுள்ள ஓட்டுநர் தம் சொந்தக் காருக்கு ஓராண்டு முழுக் காப்புறுதி எடுக்க இதைவிட மிகக் குறைவாகவே செலவழிக்கிறார். அந்தக் காப்புறுதி முழுக் காரையும் எதிராளியையும் சேர்த்துக் காக்கிறது. பெரும்பாலான சேதங்கள் சின்னவை என்பதையும் சேர்த்தால் கணக்கு இன்னும் மோசமாகும். 800 வெள்ளிக் கீறலில் நமக்கு மிஞ்சுவது 300 மட்டுமே.

இப்படி விலை கொடுப்பது மனித இயல்பு என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. ஜஸ்டின் சிட்னர் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் ஐம்பதாயிரம் வீட்டுக் காப்புறுதி ஒப்பந்தங்களை ஆராய்ந்து 2010ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கழிவுத்தொகையை 1,000 டாலரிலிருந்து 500 டாலராகக் குறைப்பதற்காக மக்கள் ஆண்டுக்குச் சராசரியாக 100 டாலர் கூடுதலாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆண்டில் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இழப்பீடு கேட்கவில்லை என்பதால் அந்தக் கூடுதல் பாதுகாப்பின் உண்மை மதிப்பு 25 டாலருக்கும் குறைவு. வீட்டில் அமைதியாக உட்கார்ந்து வாங்குபவரே நான்கு மடங்கு கொடுக்கிறார் என்றால், பின்னால் வரிசை நிற்க, குழந்தை அழ, பெட்டிகளைப் பிடித்துக்கொண்டு முகப்பில் நிற்பவர் எவ்வளவு கொடுப்பார்? சேவியர் கபே, டேவிட் லைப்சன் என்ற இரு பொருளியலாளர்கள் 2006ல் இதன் மறுபக்கத்தை விளக்கினார்கள். அடிப்படை விலை கண்ணுக்குத் தெரிகிறது. துணை விலைகள் மறைந்திருக்கின்றன. போட்டி கடுமையாக இருக்கும்போது நிறுவனங்கள் கண்ணில் படும் விலையை நட்டத்துக்குக்கூடக் குறைத்துவிட்டு, மறைந்திருக்கும் விலையில் இலாபத்தை எடுக்கின்றன. அதனால் மறைந்த விலையைத் தவிர்க்கத் தெரிந்தவர் மலிவான அடிப்படை விலையை அனுபவிக்கிறார். தெரியாதவர் அவருக்கும் சேர்த்துக் கட்டுகிறார். ஐரோப்பாவில் வாடகைக் கார்த் துறை மீது குவிந்த புகார்களால் ஐரோப்பிய ஆணையமும் உறுப்பு நாடுகளின் நுகர்வோர் அமைப்புகளும் தலையிட்டன. ஏவிஸ், யூரோப்கார், என்டர்பிரைஸ், ஹெர்ட்ஸ், சிக்ஸ்ட் ஆகிய ஐந்து நிறுவனங்களும் மொத்த விலையையும் சேதக் கட்டணத்தையும் காப்புறுதி விவரங்களையும் தெளிவாகச் சொல்ல 2015ல் ஒப்புக்கொண்டன. வணிக முறைகளை மாற்றிக்கொண்டதாக 2017 ஜனவரியில் ஆணையம் அறிவித்தது. வாடிக்கையாளரின் கவனக்குறைவு மட்டும் காரணமாக இருந்திருந்தால் இவ்வளவு பெரிய தலையீடு தேவைப்பட்டிருக்காது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. "கணக்கு சரி. ஆனால் மூவாயிரம் வெள்ளி திடீரென்று போனால் என் குடும்பம் அடுத்த மாத வீட்டு வாடகைக்கு என்ன செய்யும்? அதற்கு மூன்று நாளுக்கு அறுபது வெள்ளி கொடுப்பது மேல் அல்லவா?" என்று ஒருவர் கேட்டால் அவர் சொல்வது முழுக்க நியாயம். காப்புறுதி என்பது சராசரிக் கணக்குக்காக இல்லை, தாங்க முடியாத அடிக்காக. சேமிப்பில் மூவாயிரம் இல்லாதவர், வேலை அனுமதிச்சீட்டில் வந்து ஊருக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருப்பவர், மாதக் கடைசியில் கையைப் பிசைபவர் அந்தப் பாதுகாப்பை வாங்கத்தான் வேண்டும், விலை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும். என் மறுப்பு அவர் வாங்குவதற்கு எதிரானது அல்ல; எங்கே, எப்போது வாங்குகிறார் என்பதற்குத்தான். எத்தனை வெள்ளி வரை தம்மால் தாங்க முடியும் என்று அவர் முதல் நாளே முடிவு செய்தால், எக்ஸஸ் குறைவான நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதா, குறைப்பை வாங்குவதா, வெளியே காப்புறுதி எடுப்பதா என்ற மூன்று வழிகளும் திறந்திருக்கும். முகப்பில் நிற்கும்போது ஒரே ஒரு வழிதான் மிஞ்சியிருக்கும். ஐயாயிரம் வெள்ளி போனாலும் குடும்பம் ஆடாது என்ற நிலையில் உள்ளவர்களோ, பழக்கத்தால் ஒவ்வொரு முறையும் குறைப்பை வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள். பல ஆண்டுகளில் அவர்கள் கட்டிய தொகை, தவிர்க்க நினைத்த நட்டத்தையே தாண்டிவிடும்.

வெளியே எடுக்கும் காப்புறுதியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் அதை ஏற்கெனவே வாங்கி வைத்துக்கொண்டு மறுபடியும் வாங்குகிறார்கள். பெர்த்துக்கோ ஆக்லாந்துக்கோ விடுமுறை செல்லும் குடும்பம் இங்கிருந்தே பயணக் காப்புறுதி எடுத்துவிடுகிறது. சிங்கப்பூரில் விற்கும் பல பயணக் காப்புறுதித் திட்டங்களில் வாடகைக் காரின் எக்ஸஸுக்கும் ஒரு குறிப்பிட்ட தொகை வரை இழப்பீடு இருக்கிறது. அதைப் படிக்காமல் விமான நிலைய முகப்பில் நாளுக்கு முப்பது நாற்பது டாலர் கொடுத்து எக்ஸஸைக் குறைப்பவர் ஒரே நட்டத்துக்கு இரண்டு காப்புறுதி எடுக்கிறார்; இழப்பீடு ஒருமுறைதான் கிடைக்கும். பிரிட்டனில் எக்ஸஸுக்கென்றே தனிக் காப்புறுதியை ஆண்டு முழுவதற்கும் எடுக்கும் வழக்கம் வேரூன்றிவிட்டது. அங்கே வாழும் தமிழர்களுக்கு இது தெரிந்த விஷயம். ஆனால் இவற்றில் கவனிக்க வேண்டியவை உண்டு. உரிமம் பெற்ற வாடகை நிறுவனத்திடம் எடுத்த காராக இருக்க வேண்டும், அதற்கு முழுக் காப்புறுதி இருக்க வேண்டும், ஓட்டியவர் பெயர் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும் என்பவை வழக்கமான நிபந்தனைகள். கார் சிங்கப்பூருக்கு வெளியே எடுக்கப்பட்டதாக இருக்க வேண்டும் என்று கேட்பதும் உண்டு. அப்படியானால் இங்கே எடுத்த காரில் கோலாலம்பூர் போகிறவருக்கு அது உதவாது. இன்னொன்று: வெளிக் காப்புறுதி பணத்தைத் திருப்பித் தரும், ஆனால் வாடகை நிறுவனத்துக்கு முதலில் நாம்தான் கட்ட வேண்டும். கடன்பற்று அட்டையில் அவ்வளவு இடம் இருக்க வேண்டும். இழப்பீடு வரும்வரை பொறுமையும் வேண்டும். கையில் பணமே இல்லாதவருக்கு நிறுவனத்தின் குறைப்புதான் பொருந்தும் என்று சொல்வதற்கு இதுவே நேர்மையான காரணம்.

இன்னொரு மறுப்பு, கவனமாக ஓட்டுபவர்களிடமிருந்து வருவது. இருபது ஆண்டாக ஒரு கீறல் விழாமல் ஓட்டுகிறேன், எனக்கு எதற்கு இந்தக் கவலை என்பார்கள். எக்ஸஸ் நம் தவற்றுக்கான அபராதமாக இருந்தால் இந்த வாதம் நிற்கும். நிறுத்தி வைத்த காரை யாரோ உரசிவிட்டுப் போனாலும், ஜோகூர் கடற்பாலத்து நெரிசலில் மோட்டார் சைக்கிள் ஒன்று கண்ணாடியைத் தட்டிவிட்டாலும், ஒப்பந்தப்படி முதலில் கேட்கப்படுபவர் வாடகைக்கு எடுத்தவர்தான். எதிராளி மீது தவறு என்று நிரூபணமானால் பணத்தை மீட்கலாம். அதற்கு எதிராளி யாரென்று தெரிந்திருக்க வேண்டும், மாதங்களும் ஆகலாம். அதனால் கவனமான ஓட்டுநருக்கு ஓட்டும் திறமையைவிட ஆவணம்தான் பாதுகாப்பு. செயலிக் காரில் சாவி கொடுக்க ஆள் இல்லை என்று முன்னால் சொன்னது இதற்காகத்தான். நமக்கு முன் ஓட்டியவர் விட்டுப்போன கீறலை, பயணம் தொடங்கும் முன் நாம் படமெடுத்துத் தெரிவிக்காவிட்டால், அது நம் கணக்கில் வந்து நிற்க இடமுண்டு. அடித்தள நிறுத்துமிடத்தின் மங்கிய வெளிச்சத்தில் கைப்பேசி விளக்கைப் போட்டுக்கொண்டு நான்கு பக்கமும், சக்கர வளையங்களும், முன்கண்ணாடியும், கூரையும் தெரியக் காணொளி எடுக்க மூன்று நிமிடம் போதும். காரைத் திருப்பி விடும்போதும் அப்படியே. இந்தக் கட்டுரையில் காசே செலவில்லாத பாதுகாப்பு இது ஒன்றுதான். சக்கரம், கண்ணாடி, காரின் அடிப்பகுதி, தொலைந்த சாவி, தவறான எரிபொருள் போன்றவற்றைக் குறைப்பு வாங்கியவருக்கும் பல ஒப்பந்தங்கள் விலக்கிவிடுகின்றன என்பதால், குறைப்பை வாங்கியவரும் இதைச் செய்யத்தான் வேண்டும்.

எல்லையைத் தாண்டும்போது எல்லாக் கணக்கும் மாறுகிறது. பத்துமலைக்கோ கேமரன் மலைக்கோ சிங்கப்பூர்க் காரில் போக நினைப்பவர் நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ அனுமதியும் மலேசியாவுக்கான கூடுதல் கட்டணமும் இல்லாமல் உட்லண்ட்ஸ் அல்லது துவாஸ் சோதனைச்சாவடியைத் தாண்டினால், காப்புறுதியே செல்லாமல் போகலாம். அப்போது எக்ஸஸ் மூவாயிரம் என்ற பேச்சுக்கே இடமில்லை, முழு நட்டமும் அவர் தலையில். சிங்கப்பூரிலிருந்து மலேசியாவுக்குள் நுழையும் வெளிநாட்டு வாகனங்களுக்கான விஇபி அனுமதி 2025 ஜூலை 1 முதல் கட்டாயமாக அமலாகிறது. இல்லாவிட்டால் 300 ரிங்கிட் அபராதம். வாடகைக் காருக்கு அதை உரிமையாளரான நிறுவனம் பெற்றிருக்கிறதா என்று முதலிலேயே கேட்க வேண்டும். புறப்படும்போது எரிபொருள் கலன் முக்கால் பங்கு நிறைந்திருக்க வேண்டும் என்ற சிங்கப்பூர் விதி வேறு. இவ்வளவுக்கும் மாற்றாக ஒரு வழி உண்டு. அதைப் பலர் ஏனோ யோசிப்பதில்லை. லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள குவீன் ஸ்திரீட் முனையத்தில் பேருந்து ஏறிக் கடற்பாலத்தைக் கடந்து, ஜோகூர் பாருவில் மலேசியக் காரை ரிங்கிட்டில் வாடகைக்கு எடுப்பது. அங்கே காரின் விலையில் சிஓஇ கிடையாது என்பதால் வாடகையும் குறைவு, எக்ஸஸும் பொதுவாகச் சிறியது, விஇபி தேவையில்லை. வெளியே எடுத்த கார் என்பதால் பயணக் காப்புறுதி கைகொடுக்கவும் வாய்ப்பு அதிகம். வயதான பெற்றோரையும் பெட்டிகளையும் வைத்துக்கொண்டு சோதனைச்சாவடியில் இறங்கி ஏறுவது கடினம் என்பது உண்மை. அந்த வசதிக்கு எவ்வளவு கொடுக்கத் தயார் என்று அந்தக் குடும்பம்தான் சொல்ல முடியும். ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது என்று தெரிந்து கொடுப்பது நல்லது. அந்த மலேசியக் காரைச் சிங்கப்பூருக்குள் கொண்டுவர மட்டும் நினைக்கக் கூடாது. இங்குள்ள குடிமக்களும் நிரந்தரவாசிகளும் நீண்டகால அனுமதியில் இருப்பவர்களும் வெளிநாட்டுப் பதிவுக் காரை இங்கே ஓட்டச் சட்டம் அனுமதிப்பதில்லை.

இதற்கெல்லாம் குறுக்குவழியாக, தெரிந்தவர் ஒருவரின் சொந்தக் காரைப் பாதி விலைக்கு வாடகைக்கு எடுப்பவர்கள் உண்டு. வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் இந்த ஏற்பாடு நடக்கிறது. தனியார் காரை வாடகைக்கு விட நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகள் இருக்கின்றன. அவற்றுக்கு வெளியே நடந்தால் அந்தக் காரின் காப்புறுதி செல்லாது என்பதே பெரும்பாலும் முடிவு. சொந்த உபயோகத்துக்கு எடுத்த காப்புறுதி, பணம் வாங்கிக்கொண்டு காரைக் கொடுப்பதை விலக்கிவிடும். மோட்டார் வாகன மூன்றாம் தரப்பு இழப்பீட்டுச் சட்டப்படி காப்புறுதியில்லாமல் ஓட்டியவருக்கு 1,000 வெள்ளி வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம்; ஓராண்டு ஓட்டும் தகுதியும் போகும். இந்திய உரிமத்தோடு வந்திருக்கும் உறவினர் அனைத்துலக ஓட்டுநர் அனுமதி இல்லாமல், ஒப்பந்தத்தில் பெயரும் இல்லாமல், "கொஞ்ச தூரம் நான் ஓட்டுகிறேன்" என்று ஸ்டியரிங்கைப் பிடிப்பதும் இதே ஆபத்துதான். இரண்டாம் ஓட்டுநர் பெயரைச் சேர்க்கச் சில வெள்ளி கேட்பார்கள். அந்தச் செலவில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

விபத்து நடந்தபின் செய்வதும் பணத்தை நிர்ணயிக்கிறது. பொதுக் காப்புறுதிச் சங்கம் 2008 ஜூன் முதல் நடைமுறைப்படுத்திவரும் விதிப்படி, எவ்வளவு சிறிய விபத்தானாலும் 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலை நாளுக்குள் காப்புறுதி நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாடகைக் காரில் அது வாடகை நிறுவனத்தின் அவசர எண்ணில் தொடங்குகிறது. யாருக்காவது காயம், பாதசாரியோ சைக்கிளோட்டியோ சம்பந்தப்பட்டது, அரசாங்கச் சொத்துச் சேதம், வெளிநாட்டு வாகனம், மோதிவிட்டு ஓடியது ஆகியவற்றில் காவல்துறையிடமும் புகார் வேண்டும். மலேசியாவில் விபத்து என்றால் அங்கே 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார் சட்டப்படி கட்டாயம். "நாமே பேசி முடித்துக்கொள்ளலாம், முந்நூறு வெள்ளி கொடுங்கள்" என்று எதிர்க்காரர் சொல்லும்போது சரி என்று தோன்றும். சொந்தக் காரில் அதற்கு இடமுண்டு. வாடகைக் கார் நம்முடையதல்ல. உரிமையாளருக்குத் தெரியாமல் பேசி முடித்துவிட்டு, மூன்று வாரம் கழித்து எதிராளியிடமிருந்து வழக்கறிஞர் கடிதம் வந்தால், நேரத்தில் தெரிவிக்கவில்லை என்ற காரணத்தால் காப்புறுதிப் பாதுகாப்பை இழப்பவர் நாம்தான்.

சேதத் தொகையைப் பற்றி மறுப்பு இருந்தால் பட்டறையின் விலைப்பட்டியலையும் படங்களையும் எழுத்தில் கேட்கலாம். எக்ஸஸ் என்பது உச்சவரம்பு, உண்மைச் செலவு 600 வெள்ளி என்றால் அதுதான் கேட்கப்பட வேண்டிய தொகை. முழு எக்ஸஸையும் முன்பணத்திலிருந்து பிடித்துவிட்டு விவரம் தராத நிறுவனத்திடம் அமைதியாக இருந்துவிடுவது சிங்கப்பூரில் தேவையில்லாத பொறுமை. ஆனால் எந்தக் கதவைத் தட்டுவது என்பது, எதை வாங்கினோம் என்பதைப் பொறுத்தது. பயணக் காப்புறுதியோ தனி எக்ஸஸ் காப்புறுதியோ உரிமம் பெற்ற காப்புறுதி நிறுவனத்திடம் வாங்கியதாக இருந்தால், மறுக்கப்பட்ட இழப்பீட்டை 2005ல் தொடங்கப்பட்ட ஃபிட்ரெக் எனும் நிதித்துறைச் சச்சரவுத் தீர்வு மையத்துக்குக் கொண்டுபோகலாம். வாடகை நிறுவனம் விற்கும் குறைப்பு பெரும்பாலும் காப்புறுதியே அல்ல, "இவ்வளவுக்கு மேல் உன்னிடம் கேட்க மாட்டேன்" என்று வாடகை ஒப்பந்தத்தில் தரும் வாக்குறுதி மட்டுமே. அதற்கு அந்த மையத்தின் கதவு திறக்காது. அதற்குச் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தின் சமரசத்தை நாடலாம். நியாயமற்ற வணிக முறை என்று கருதினால், 20,000 வெள்ளி வரையிலும், இரு தரப்பும் ஒப்பினால் 30,000 வரையிலும், வழக்கறிஞர் இல்லாமலே விசாரிக்கும் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்கு இரண்டாண்டுக்குள் போகலாம். அங்கே நிற்பவரிடம் முதலில் கேட்கப்படுவது, காரை எடுத்த நேரத்தில் பிடித்த படங்களும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் பிரதியும்தான்.